ஏழாம் கூட்டம்

சாதகக் கட்டங்களை மக்கள் நெருப்பில் இட்டார்கள். ஓலை எரிந்தது, ஓலையைக் காட்டிப் பிழைத்தவனின் தொழிலும் எரிந்தது. இனி ஒருவன் பிறந்த நாழிகையைச் சொல்லி ஒருத்தியின் வாழ்வை மறிக்க எவனுக்கும் துணிவு வராது என்று மேடைதோறும் முழங்கினார்கள். முழங்கியவர்களுக்கு மாலைகளும் விழுந்தன. ஆனால் மனிதரை மேலென்றும் கீழென்றும் பிரித்துப் பார்த்தே பழகிய கண் குருடாகிவிடவில்லை. வேறொரு பொருள் கிடைக்கும்வரை மூடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இரண்டாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில், நொய்யல் ஆற்றங்கரையில் எழுந்த நொய்யல்புரம் என்னும் நெசவு நகரத்தில், அந்தக் கண்ணுக்குக் கிடைத்த புதிய பொருள் மனிதனின் குடல்.

குடல்மானி என்பது மிளகளவே உள்ள ஒரு குளிகை. அதை விழுங்கினால், வயிற்றுக்குள் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களை ஆராய்ந்து மறுநாள் இரண்டு எண்களைச் சொல்லும். நன்மை செய்யும் உயிர்கள் எத்தனை வகை, எத்தனை வளம் என்று நூற்றுக்கு இத்தனை என மதிப்பிடுவது முதல் எண். எந்தெந்த உயிர்கள் ஒன்றாய்க் கூடி வாழ்கின்றன என்பதைக் குறிப்பது இரண்டாம் எண். அது ஒன்று முதல் இருபத்துநான்கு வரை செல்லும். மருத்துவர்கள் இதை நோயாளிக்காகச் செய்தார்கள். வயிறு வாடியவனுக்கு எந்தக் கஞ்சி பொருந்தும், எந்தக் கீரை உதவும் என்று அறிவதற்காகச் செய்தார்கள். நொய்யல்புரத்தாரோ அதை வாசலில் காவல்காரனாக நிறுத்தினார்கள்! எண்பதுக்கு மேற்பட்டவருக்கு முதல் பந்தி. ஐம்பதுக்கு மேற்பட்டவருக்கு நடுப் பந்தி. எஞ்சியோருக்குக் கடைப் பந்தி. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் மூன்று உணவுக்கூடங்கள், மூன்று வாசல்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் திருமணப் பதிவிலும் குடல்மானி நுழைந்தது. எழுபதுக்குக் குறைந்தவருக்கு மணப்பதிவு இல்லை. மணப்பதிவு இல்லாதவருக்கு நகரத்தில் குடும்ப வீடு இல்லை.

அந்த விதியின் முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை வந்து நின்றாள் வஞ்சிக்கொடி. சாயக் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையத்தில் மேற்பார்வையாளர். அகவை இருபத்தேழு. அவளருகில் துணிகளுக்குக் கோலம் வரையும் சென்னியப்பன். இருவரும் நான்கு ஆண்டுகளாகக் காதலர்கள். பின்னால், பட்டுச் சேலையின் மடிப்புக் கலையாமல், சென்னியப்பனின் தாய் ராமாத்தாள்.

பதிவாளர் மருதாசலம் இரண்டு சீட்டுகளையும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"தம்பிக்கு எண்பத்தெட்டுங்க. அம்மிணிக்கு…" என்று இழுத்தார். "நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணா!" என்றாள் ராமாத்தாள். "ஏனுங்க, அந்த மிசினு சரியாத்தான் ஓடுதுங்களா? நாப்பத்தொண்ணுன்னா அது வயிறா, வெறும் பையா?"

"அம்மா, சும்மா இரு" என்றான் சென்னியப்பன்.

"நான் எதுக்குச் சும்மா இருக்கோணும்? காங்கேயத்துல உனக்குப் பாத்து வெச்ச புள்ளைக்குத் தொண்ணூத்து மூணு. சீட்டைப் பிரேம் போட்டு மாட்டி வெச்சிருக்கறாங்க."

வஞ்சிக்கொடி சிரித்துவிட்டாள். "அத்தை, அந்தப் புள்ளையப் பாத்தீங்களா, பிரேமை மட்டும் பாத்துட்டு வந்தீங்களா?"

பதிவாளருக்கும் சிரிப்பு வந்தது. பதவியை நினைத்து அடக்கிக்கொண்டார். மறுசோதனைக்கு ஒரே ஒரு வாய்ப்பு உண்டு என்றார். தொண்ணூறு நாள் தவணை. அதற்குள் எழுபதைத் தொடாவிட்டால், இந்த இருவர் பெயரும் எந்நாளும் ஒரே ஏட்டில் ஏறாது.

"அப்பிடி ஏறலீன்னா காங்கேயம்தான்" என்றாள் ராமாத்தாள். "இப்பவே சொல்லிப்போட்டேன்."

*

நாற்பத்தொன்று என்பது வஞ்சிக்கொடியின் குற்றமா? குழந்தையாய் இருந்தபோது, ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஊற்றினார்கள். தேவை இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. வளர்ந்தபின் முறை மாறி முறை மாறி வேலை. வேளை தவறிய தூக்கம். நின்றுகொண்டே விழுங்கிய மைதா ரொட்டியும் பொட்டலத் தின்பண்டமும். நகரத்துக்குத் தூய நீர் தரும் பெண்ணுக்கு நகரம் தந்த உணவு அதுதான். வாட்டியது ஊர், வாட்டத்துக்குத் தண்டனையோ அவளுக்கு!

அவள் அழவில்லை. மறுநாள் கடைப் பந்தியின் சமையற்கூடத்துக்குள் நுழைந்தாள். அங்கே அடுப்புக்கு அரசி சுபைதா.

"சுபைதாக்கா, எனக்குத் தொண்ணூறு நாளைக்குச் சோறு போடோணும்."

"ஏழு வருசமாப் போட்டுட்டுத்தான இருக்கறேன். நீதான் பாதித் தட்டை வெச்சுப்போட்டு ஓடற."

"இனி ஓட மாட்டேன். சொல்றதைக் கேளுங்க. என்ற தொட்டில இருக்கற பூச்சிகதான் சாயத்தைத் தின்னுபோட்டு நமக்குத் தண்ணியக் குடுக்குது. அதுகளுக்கு ஒரே தீனியப் போட்டா ஒரே வகைதான் பொழைக்கும். மத்ததெல்லாம் பட்டினில செத்துப்போகும். பல தீனி போட்டாத்தான் பல வகை பொழைக்கும். வயித்துக்கும் அதே வித்தைதானுங்கக்கா. நாம மென்னு முழுங்கற நாரு நமக்குச் செரிக்காது. அது கீழ இருக்கறவங்களுக்குப் பந்தி."

சுபைதா கரண்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப உனக்குப் போடற சோத்துல பாதி உனக்கில்ல."

"கோடிப் பேருக்கு."

"ஒருத்திக்கு ஆக்குன சோத்துல கோடிப் பேரு சாப்புடறாங்கன்னா எனக்குப் பெருமதான். என்னென்ன வேணும்னு சொல்லு."

வாரத்துக்கு முப்பது வகைப் பயிர் வயிற்றுக்குள் போகவேண்டும் என்று வஞ்சிக்கொடி குறிவைத்தாள். கம்பு, கேழ்வரகு, தட்டைப்பயறு, வாழைத்தண்டு, தோலோடு கூடிய பழங்கள், பெயர் மறந்துபோன நான்கு கீரைகள். காலையில் பழைய சோறும் மோரும். மேலாளரிடம் சண்டையிட்டுப் பகல் முறையை நிலையாக வாங்கிக்கொண்டாள். ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தாள். விடிந்ததும் ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் நடந்தாள். சளி பிடித்தபோது மருத்துவரிடம் போனாள். அவர் மருந்து வேண்டாம், ஓய்வு போதும் என்றார், அதையும் கேட்டுக்கொண்டாள்.

ஆர்வத்தில் ஒரே பிழை செய்தாள். முதல் வாரத்திலேயே மூன்று வேளையும் கொள்ளு. நான்காம் நாள் நிலையத்தில் எவரும் அவளுக்குப் பத்தடிக்குள் வரவில்லை.

"வஞ்சி, தொட்டிக்குக் காத்து ஊதற மோட்டாரை நிறுத்திப்போட்டு உன்னைய இணைச்சிரலாமா?" என்றான் சென்னியப்பன்.

"இணை. கரண்டு மிச்சமாகும்."

"மெதுவா ஏத்தோணும் அம்மிணி" என்றாள் சுபைதா, முந்தானையால் மூக்கை மூடியபடி. "இத்தன வருசம் பட்டினி கெடந்தவங்களுக்கு ஒரே நாள்ல விருந்து வெச்சா கச்சேரி பண்ணத்தான் செய்வாங்க."

அன்று முதல் கொள்ளு ஒரு கைப்பிடியில் தொடங்கியது. அன்று முதல் இன்னொன்றும் தொடங்கியது. முதல் பந்திக்குரிய சென்னியப்பன், தன் வாசலை விட்டுக் கடைப் பந்தியின் வாசலுக்குள் வந்து அவளெதிரே அமர்ந்தான். அவள் தட்டில் அவன் கை. அவன் கிண்ணத்தில் அவள் கை. முதல் பந்திக்காரன் ஒருவன் வாசலில் நின்று கேலி பேசினான்.

"ஏப்பா சென்னி, எண்பத்தெட்டைப் பாத்துக்க! கீழெறங்கிப்போகும், ஒட்டிக்கும்!"

"ஒட்டிக்கத்தான வந்திருக்கறேன்" என்றான் சென்னியப்பன். "நீ போயி உன்ற தட்டைக் கட்டிக்கிட்டு அழு."

செய்தி ராமாத்தாளை எட்டியது. இருபதாம் நாள் உச்சி வேளையில், மகனைக் கையைப் பிடித்து இழுத்துப்போகும் உறுதியோடு அவள் கடைப் பந்திக்குள் புயலென நுழைந்தாள். நுழைந்தவளின் கண்ணில் முதலில் பட்டது மகனல்ல. அடுப்பில் கொதித்த அரிசிம்பருப்புச் சோறு.

"ஏம்மா, இதென்ன பருப்பு வேகறதுக்குள்ள அரிசியக் கொட்டிப்போட்ட?"

"நாங்க இப்பிடித்தானுங்க பண்றது" என்றாள் சுபைதா.

"இப்பிடிப் பண்ணுனா கஞ்சிதான் வரும். தள்ளு. கரண்டியக் குடு. சின்ன வெங்காயம் எங்க? இதையா நறுக்குனதுன்னு சொல்ற? மம்பட்டில வெட்டுனாப்ல இருக்குது!"

வந்த காரியம் அடுப்பங்கரையில் கரைந்துபோயிற்று. இரண்டு மணிக்கு ராமாத்தாள் கரண்டியோடு நின்றாள். இரண்டரைக்குத் தட்டோடு அமர்ந்தாள். ஆறிய சோற்றை உண்பதற்குள் மகன் வேலைக்குத் திரும்பிவிட்டான். எதிரே இருந்தவள் வஞ்சிக்கொடி.

"உனக்கு நெசமாலுமே அவன் வேணுமா?" என்று கேட்டாள் ராமாத்தாள். "அவன் கோலம் போட உக்காந்தா மூணு நாளைக்குக் குளிக்க மாட்டான்."

"தெரியுமுங்க அத்தை. நான் சாயத் தண்ணி நாத்தத்துல இருக்கறவ. எனக்கு வித்தியாசம் தெரியாது."

ராமாத்தாள் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் ஒரு தூக்குப் பாத்திரம் நிறையப் பழைய சோறு கொண்டுவந்தாள்; அதற்கடுத்த நாள் கணவரையே கூட்டிவந்தாள். காங்கேயத்துப் பெண்ணின் பேச்சு அதன்பின் எழவில்லை.

*

தொண்ணூற்றோராம் நாள். பதிவாளர் அறையில் திரை ஒளிர்ந்தது. வஞ்சிக்கொடியின் பெயரருகே எண் எழுந்தது: எழுபத்தாறு.

ராமாத்தாள் குலவையிட்டாள். அரசு அலுவலகத்தில் குலவை கேட்டறியாத எழுத்தர்கள் எழுந்து நின்றார்கள். சுபைதா கொண்டுவந்திருந்த கம்பு உருண்டைகள் மேசைதோறும் பறந்தன. சென்னியப்பன் வஞ்சிக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மருதாசலம் மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்றார். "ரெண்டாவது நம்பரு…"

"அது என்னுங்க?" என்றாள் ராமாத்தாள்.

"கூட்டம். மூணு மாசத்துக்கு முன்னால அம்மிணி பத்தொம்பதாம் கூட்டம். இப்ப ஏழு." அவர் குரல் இறங்கியது. "தம்பியும் ஏழு."

எழுத்தர்கள் கடித்த உருண்டைகளைக் கீழே வைத்தார்கள். அந்த எண்ணைக் கூட்டமாக்கியது நொய்யல்புரத்தார் செய்த வேலை. கொங்கு நாட்டில் கூட்டம் என்பது குலப்பிரிவு. ஒரே கூட்டத்தார் பங்காளிகள்; பங்காளிகளுக்குள் பெண் கொள்வதில்லை. மருத்துவர் தந்த வெறும் இலக்கத்தைக் கண்டதும் கூட்டம் என்றார்கள். கூட்டம் என்றதும் பங்காளி என்றார்கள். பங்காளி என்றதும் அண்ணன் தங்கை என்றார்கள். மூன்றே தாவலில் அறிவியலைச் சாதியாக்கிவிட்ட சாமர்த்தியத்தை என்னவென்று புகழ்வது! விதிநூலின் ஐந்தாம் விதி திரையில் விரிந்தது: "ஒரே குடல் கூட்டத்தாரின் மணம் செல்லாது. முன்னரே நடந்திருப்பினும் செல்லாது."

"எங்கயோ பொறந்தவ, எங்கயோ பொறந்தவன்" என்று தடுமாறினாள் ராமாத்தாள். "இவங்க எப்பிடிங்க அண்ணன் தங்கச்சி?"

"ஒண்ணாச் சாப்புட்டுருக்கறாங்க. அதானுங்க. மொதல்ல மதிப்பெண் பத்தாதுன்னு இருந்துது, இப்ப…" மருதாசலம் உண்மையாகவே வருந்தினார். "ஒரு வழி இருக்குதுங்க. மாத்திரை ஒண்ணு தருவாங்க. வயித்துல இருக்கற அத்தனையும் தொடச்செடுத்துப்போடும். அப்பறம் ஒரு வருசம் ரெண்டு பேரும் தனித்தனியாச் சாப்புட்டுட்டு, வேற கூட்டம் ஆயிட்டு வாங்க. நானே கையெழுத்துப் போடறேன்."

சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். வஞ்சிக்கொடியின் சிரிப்பு மறைந்திருந்தது. தொண்ணூறு நாளில் அவள் முகம் தெளிந்திருந்தது. வயிற்று வலி போயிருந்தது. வாழ்வில் முதன்முறையாக ஆழ்ந்து உறங்கியிருந்தாள். அத்தனையையும் ஒரு மாத்திரையால் கொன்றுவிட்டு வரச் சொல்கிறது ஒரு விதி!

"முடியாதுங்க" என்றாள் அவள். "குறையா இருந்தப்ப வெளிய நிக்கச் சொன்னீங்க. நெறஞ்சு வந்தா அழிச்சுட்டு வரச் சொல்றீங்க. நோயில்லாத வயித்துக்கு எதுக்குங்க மருந்து? உங்க விதிக்கு நோயி வந்திருக்குது. அந்த மாத்திரைய அதுக்குக் குடுங்க."

"அம்மிணி, நான் எழுதுன விதி இல்லீங்க…"

"எழுதுனவங்க எழுதறதுக்கு முன்னால ஒண்ணு பண்ணியிருக்கோணும். நீங்க இப்பப் பண்ணுங்க. வருசா வருசம் ஊரே இந்தக் குளிகைய முழுங்குதல்லங்க? கல்யாணம் பண்ணுனவங்க சீட்டும் உங்க பொட்டியிலதான இருக்குது? பேரை மறைச்சுப்போட்டு, புருசன் பொண்டாட்டி கூட்டம் மட்டும் தெரியற மாதிரி காட்டுங்க."

"அதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்களே."

"எங்களுதை மொதல்ல போடுங்க" என்றாள் ராமாத்தாள். "பேரை மறைக்க வேண்டாம். முப்பத்திரண்டு வருசமா ஒரே சட்டில திங்கறோம்."

மருதாசலம் விரலால் தொட்டார். ராமாத்தாள்: ஏழு. கணவர் பழனிக்கவுண்டர்: ஏழு.

ராமாத்தாள் வாயில் கை வைத்தாள். "அடக் கொடுமையே! அப்ப என்ற புருசன் எனக்கு அண்ணனா?"

எழுத்தர்கள் வெடித்துச் சிரித்தார்கள். "சிரிக்காதீங்க! நாளைக்கு அந்த மனுசனுக்கு நான் ராக்கி கட்டோணுமா, சோறு போடோணுமா? அதை மொதல்ல சொல்லுங்க!"

திரையில் அடுத்தடுத்த தம்பதியர் வந்தார்கள். பதினொன்று, பதினொன்று. மூன்று, மூன்று. இருபது, இருபது. ஒரே உலையில் வெந்ததை உண்டவர்கள், ஒரே கூரையின் காற்றை இழுத்தவர்கள், ஒருவர் எச்சிலை ஒருவர் அருவருக்காதவர்கள். மணநாளில் வெவ்வேறு எண்ணோடு வந்து, வாழ்ந்து வாழ்ந்து ஒரே எண்ணாய் ஆனவர்கள். நூறு இணைகளை ஓட்டிப் பார்த்ததில் தொண்ணூற்றாறு இணைகள் ஐந்தாம் விதிப்படி அண்ணன் தங்கைகள்!

"எழுதுங்க" என்றாள் வஞ்சிக்கொடி. "மொதல்ல இந்தத் தொண்ணூத்தாறையும் செல்லாதுன்னு எழுதுங்க. ஊர் முழுக்க எழுதி முடிங்க. கடைசியா எங்களுதுக்கு வாங்க. நாங்க வரிசைல நிக்கறோம்."

"அது எப்பிடிங்க முடியும்? ஊரே தெருவுக்கு வந்துருமுங்க."

"வரட்டும்" என்றான் சென்னியப்பன். "ஒரே கூட்டமாத்தான வருவாங்க!"

மருதாசலம் எஞ்சிய நான்கு இணைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் விதிப்படி செல்லுபடியாகும் மணங்கள் நூற்றுக்கு அந்த நான்குதான். பெயர் மறைந்திருந்தது, ஆனால் மதிப்பெண்கள் மறையவில்லை. மூன்றாவது இணையின் அருகே அவர் விரல் நின்றது. கணவன் எண்பத்தொன்பது, இருபத்திரண்டாம் கூட்டம். மனைவி நாற்பத்தேழு, நான்காம் கூட்டம்.

அந்த எண்பத்தொன்பதை அவர் நன்கறிவார். அது அவர் சட்டைப்பையில் இருக்கும் முதல் பந்திச் சீட்டின் எண். நாற்பத்தேழு அவர் மனைவி மரகதம். எழுபது மதிப்பெண் விதி வருமுன் மணந்தவர்கள். அதனால் எவரும் அவர்களைப் பிரிக்கவில்லை. பிரிக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகக் காலை உணவும் நண்பகல் உணவும் இரவு உணவும் அவருக்கு முதல் பந்தியில். அவளுக்கு வீட்டில், தனியே. மதிப்பெண் இறங்கிவிடக் கூடாதே என்ற அச்சம். அவளும் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஐயா" என்று அழைத்தாள் வஞ்சிக்கொடி. "ஒடம்புக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்ல அம்மிணி." அவர் ஏட்டைத் திறந்தார். ஐந்தாம் விதிக்கான கட்டத்தில் நீளமாக ஒரு கோடு கிழித்தார். அதனருகே, 'இவ்விதியைப் பின்பற்றினால் இந்நகரில் குடும்பமே இராது. நகரமன்றம் நீக்குமாறு எழுதியிருக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு வஞ்சிக்கொடியின் பெயரையும் சென்னியப்பனின் பெயரையும் ஒரே வரியில், தன் கையாலேயே எழுதினார். "இந்தாங்க. பதிஞ்சாச்சு. மன்றம் கேட்டா அந்தத் தொண்ணூத்தாறையும் கூட்டிக்கிட்டு வாங்க, நானும் வர்றேன்."

இரண்டாம் குலவை தெருவரை கேட்டது. சென்னியப்பன் வஞ்சிக்கொடியைத் தூக்கிச் சுற்றினான். சுபைதா மிச்சமிருந்த உருண்டைகளை வழியில் போனவர்களுக்கும் கொடுத்தாள். "வா தங்கச்சி மருமவளே" என்று ராமாத்தாள் கேலி செய்தபடி அவளை அணைத்து வெளியே கூட்டிப்போனாள். அவர்கள் சிரிப்பு படியிறங்கித் தொலைவில் தேய்ந்தது.

மணி பன்னிரண்டரை. எழுத்தர்கள் முதல் பந்திக்கும் நடுப் பந்திக்கும் கடைப் பந்திக்குமாகக் கலைந்துகொண்டிருந்தார்கள். மருதாசலம் வீட்டுக்கு அழைத்தார்.

"மரகதம், சாப்ட்டுட்டியா?"

"இப்பத்தானுங்க உக்காரப்போறேன். என்ன இந்நேரத்துல? ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. என்ன வெச்சிருக்கற?"

"எனக்கு மட்டுந்தானுங்க, கம்மஞ்சோறும் மோரும். ஏனுங்க?"

"சாப்புடாத இரு. நான் வர்றேன். எனக்கும் அதுலயே போடு."

மறுமுனையில் ஒரு பாத்திரத்தை இறக்கிவைக்கும் ஓசை கேட்டது.

"வாங்க" என்றாள் மரகதம். "வெங்காயம் இன்னும் ரெண்டு உரிக்கறேன்."